25 மீட்டர் போதும்

சஃபாரி போட்டோன்னு பேச்செடுத்தாலே நம்ம காலேஜ்ல வர்ற முதல் கேள்வி, "என்ன லென்ஸ் மச்சி?" 600 எம்.எம். லென்ஸ் இல்லாம ஆப்பிரிக்கா பக்கம் போறதே வேஸ்ட்டுன்னு ஒரு நினைப்பு நமக்கு. போன டிசம்பர்ல நைரோபியில வேலை பார்க்கிற சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து மூணு நாள் மாசாய் மாரா. கையில இருந்தது ஒரு கேனான் பாடியும் 55-250 எம்.எம். லென்ஸும்தான். போறதுக்கு முன்னாடி எனக்கும் அதே கவலை. அங்க போய்ப் பார்த்த பிறகு கவலை வேற பக்கம் திரும்பிடுச்சு.

முதல்ல ஒரு கணக்கு. ப்ளஸ் டூ ஒளியியல்தான், பயப்படாதீங்க. தூரத்துல இருக்கிற பொருளுக்கு, சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு என்பது குவியத்தூரத்தைப் பொருளின் அளவால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் வருவது. ஒரு சிவிங்கிப்புலியின் உடம்பு, வாலை விட்டுட்டு, சுமார் 1.2 மீட்டர்னு வெச்சுக்கோங்க. 250 எம்.எம். லென்ஸ், 25 மீட்டர் தூரம். பிம்பம் 12 மில்லிமீட்டர். கேனான் ஏ.பி.எஸ்.-சி சென்சாரோட அகலம் 22 மில்லிமீட்டர் சொச்சம். அதாவது ஃபிரேம்ல பாதிக்கு மேல சிவிங்கிப்புலியே நிறைஞ்சு நிக்கும்! இதுக்கு மேல பக்கத்துல போனா புல்லு, வானம், குட்டி எதுவுமே படத்துல இருக்காது.

ஏன் 25 மீட்டர்னு எடுத்தேன்? விலங்குகிட்ட இருந்து வண்டி அவ்வளவு தூரமாவது தள்ளி நிக்கணும்ங்கிறது மாராவோட விதி. ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்துல 5 வண்டிக்கு மேல நிற்கவும் கூடாது.

(நடுவுல ஒண்ணு. சிவிங்கிப்புலிதான் சீட்டா. சிறுத்தை வேற. நம்ம டிவி சேனல்கள் ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லிக் குழப்பி வெச்சிருக்காங்க. கண்ணுல இருந்து வாய் வரைக்கும் கண்ணீர் வழிஞ்ச மாதிரி கறுப்புக் கோடு இருந்தா அது சிவிங்கிப்புலி.)

தள்ளி நிக்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு. நல்ல விலங்குப் படம் பெரும்பாலும் அதோட கண் மட்டத்துல எடுத்ததா இருக்கும். சஃபாரியில வண்டியை விட்டு இறங்க முடியாது, தரையில படுத்து எடுக்கிற கதையெல்லாம் நடக்காது. கூரை திறந்த வேன்ல எழுந்து நின்னா கேமரா ஏறக்குறைய 2.5 மீட்டர் உயரத்துல இருக்கும். சிவிங்கிப்புலியோட கண் 0.7 மீட்டர் உயரத்துல. வித்தியாசம் 1.8 மீட்டர். 10 மீட்டர் தூரத்துல இருந்து எடுத்தா கேமரா 10 டிகிரி கீழ பார்க்கும். மாடியில இருந்து தெரு நாயை எடுத்த மாதிரிதான் வரும். 40 மீட்டர்னா அதே கோணம் வெறும் இரண்டரை டிகிரி. விலங்கு உங்களுக்கு எதிரே நிக்கிற மாதிரி இருக்கும், பின்னணியில கட்டாந்தரைக்குப் பதிலா தொடுவானம் வரும். கூரையை விட்டுட்டு ஜன்னல்ல இருந்து எடுத்தீங்கன்னா இன்னும் நல்லது.

அப்போ 100 மீட்டர் தள்ளி நின்னா இன்னும் சூப்பரான்னு கேட்டா, இல்லை. வெயில் ஏறின பிறகு தரை சூடாகி, மேல இருக்கிற காற்றோட ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறிட்டே இருக்கும். தார் ரோட்டு மேல தெரியுமே அந்த அலைதான். அந்த வழியா வர்ற ஒளியை எவ்வளவு விலை லென்ஸாலும் சரி பண்ண முடியாது. பத்து மணிக்கு மேல எடுத்த என்னோட யானைப் படமெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து எடுத்த மாதிரி இருக்கு. எல்லாம் டெலீட்.

அதனால காலையிலதான் வேலை. இங்கிலாந்துக்காரங்க யூட்யூப்ல சொல்ற 'கோல்டன் ஹவர்' மாராவுல ஒரு ஹவர்கூட கிடையாது. பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி தெற்கே இருக்கிற இடம் அது. சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா ஏறும். ஆறரைக்கு உதிச்சா ஏழே காலுக்குள்ள 10 டிகிரி உயரத்தைத் தாண்டிடும். நம்ம ஊர்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான், நாம அந்த நேரத்துல எழுந்திருக்கிறதில்லை, அவ்வளவுதான்.

ஷட்டர் விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். நிக்கிற விலங்குக்கு 1/500 போதும், ஓடுறதுக்கு 1/2000. ஐ.எஸ்.ஓ. ஏறினா ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தை அப்புறம் சரி பண்ணலாம், அசைஞ்ச படத்தைப் பண்ண முடியாது. லென்ஸ்ல இருக்கிற ஸ்டெபிலைசர் உங்க கை நடுக்கத்தைத்தான் அடக்கும், மான் ஓட்டத்தை இல்லை. வேனுக்குள்ள ட்ரைபாட் விரிக்க இடம் கிடையாது. காலித் துணிப்பை கொண்டு போய், அங்க ரெண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்புல வெச்சு அது மேல லென்ஸைச் சாய்ச்சிக்கோங்க. எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க, அந்த அதிர்வு ஒண்ணே போதும் படத்தைக் கெடுக்க. தூசியில லென்ஸ் மாத்தாதீங்க.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ரெண்டாவது நாள் காலை எட்டு மணி இருக்கும். ஒரு தாய் சிவிங்கிப்புலி, மூணு குட்டி. ரேடியோவுல தகவல் போய், எங்க வேன் போய்ச் சேர்றப்பவே எட்டு வண்டி நிக்குது. நாங்க ஒன்பதாவது. தாய் ஒரு கரையான் புத்து மேல ஏறி நின்னு தூரத்துல மேயுற தாம்சன் மான் கூட்டத்தையே பார்த்துட்டு இருந்துச்சு. மெதுவா இறங்கி, தலையைத் தாழ்த்திப் புல்லுக்குள்ள நகர ஆரம்பிச்சுது. எங்க வேன்ல ஒருத்தர், "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, முகம் தெரியலை"ன்னு சொல்லிட்டே இருந்தார். டிரைவர் தயங்கினார், அப்புறம் எடுத்தார். நானும் சும்மாதான் இருந்தேன், சொல்லப்போனா எனக்கும் முகம் வேணும்னு இருந்துச்சு. எங்களைப் பார்த்து இன்னும் ரெண்டு வண்டி நகர்ந்துச்சு. மான் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்துட்டு ஒரே ஓட்டம். தாய் அப்படியே உட்கார்ந்துடுச்சு. எங்களுக்கு அருமையான முகப் படம் கிடைச்சுது.

சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் ராத்திரியில வேட்டையாடும். அதுங்ககிட்ட இரையைப் பறிகொடுக்காம இருக்கத்தான் சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகல்ல வேட்டைக்குப் போகுது. அதுக்கு வசதியான வெளிச்சமும் நம்ம கேமராவுக்கு வசதியான வெளிச்சமும் ஒண்ணே. சில நூறு மீட்டருக்குள்ள முடியிற ஓட்டம் அது, பிடிச்ச பிறகும் மூச்சு வாங்கி நிதானத்துக்கு வர நேரம் ஆகும். அந்த நேரத்துல வண்டிகள் கூடினா இரையை அப்படியே விட்டுட்டுப் போறதும் உண்டு.

இதுக்கு எண்ணிக்கையே இருக்கு. ஃபெம்கே ப்ரூக்ஹாய்ஸ் என்ற ஆய்வாளர் மாராவில் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. சுற்றுலா குறைவான பகுதிகளில், ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் தனியா வாழுற வயசு வரைக்கும் பிழைச்சிருக்கு. சுற்றுலா அதிகமான பகுதிகளில் 0.2. அதாவது அஞ்சு தாய்க்கு ஒரு குட்டி. வண்டி மோதிச் செத்ததுன்னு அர்த்தமில்லை. தப்பின வேட்டை, பாதியில விட்ட இரை, கூட்டத்துல தாயைப் பிரிஞ்ச குட்டின்னு சின்னச் சின்னதா சேர்ந்து வர்ற கணக்கா இருக்கலாம். அன்னைக்குக் காலையில நடந்தது அதுல ஒண்ணு. நூறு வண்டி, நூறு நாள்னு நீங்களே பெருக்கிப் பாருங்க.

டிரைவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவங்களுக்கு டிப்ஸ் முக்கியமான வருமானம், பக்கத்துல கூட்டிட்டுப் போனாத்தான் கஸ்டமர் சந்தோஷப்படுவாங்கன்னு அனுபவம் சொல்லிக் கொடுத்திருக்கு. விதி தெரிஞ்சும் மீறுறது நாம கேட்கிறதாலதான். அதனால முதல் நாள் காலையிலயே, வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க: "பக்கத்துல போக வேண்டாம். சூரியன் நம்ம முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்துங்க, எஞ்சினை அணைச்சிடுங்க, காத்திருக்கலாம்." மூணாவது நாள் சித்தப்பா இதைச் சொன்னப்போ டிரைவர் முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது. ஸ்வாஹிலியில சிவிங்கிப்புலிக்கு 'டுமா'ன்னு பேரு. 'பொலே பொலே'ன்னா மெதுவா மெதுவா. இந்த ரெண்டு வார்த்தை தெரிஞ்சாலே பாதி பேச்சு முடிஞ்சுது.

ஊருக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கு. மொபைல்ல எடுத்த படத்துக்குள்ள ஜி.பி.எஸ். இடக்குறிப்பு ஒளிஞ்சிருக்கும். காண்டாமிருகக் கொம்புக்காகக் கொல்ற கும்பலுக்கு அது இலவச வரைபடம். தென்னாப்பிரிக்காவுல சில சரணாலயங்கள்ல இடக்குறிப்பை அணைச்சிடுங்கன்னு பலகையே வெச்சிருக்காங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அந்தக் குறிப்பு போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே கூடவே போகும். காட்டுக்குள்ள நுழையிறப்பவே கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷனை ஆஃப் பண்ணிடுங்க.

அந்த முகப் படத்தை எக்ஸிபிஷனுக்குக் கொடுன்னு க்ளப்ல கேட்டாங்க. நான் கொடுத்தது மூணாவது நாள் எடுத்தது. 40 மீட்டர் தள்ளி, புத்து மேல ஒரு டுமா, பின்னாடி முழுக்க வானம். சிவிங்கிப்புலி கொஞ்சம் சின்னதாத்தான் தெரியும்.