மெயின் ஜெட்டும் மேட்டு நிலமும்



நம் ஹாஸ்டலில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும்? ஒன்று அரியர், இல்லையென்றால் ஆர்.எக்ஸ். 100. யமஹாவின் அந்த வண்டி 1985-ல் நம் நாட்டுக்கு வந்தது, 1996-ல் உற்பத்தி நின்றது. நாம் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன வண்டி! 98 சி.சி., 11 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக். அதற்குப் போர்ட்டிங் செய்து, ஹெட்டைச் சீவி, பெரிய கார்புரேட்டரும் எக்ஸ்பான்ஷன் சேம்பரும் மாட்டி டிராக் ரேஸில் விடுகிறவர்கள் இன்றும் உண்டு. "எவ்வளவு பவர் ஏத்தியிருக்கே?" என்று எல்லோரும் கேட்கிறோம். "அந்தப் பவருக்கு எவ்வளவு பெட்ரோல் போகுது?" என்று யாரும் கேட்பதில்லை. விடுமுறையில் தர்மபுரியில் ஒரு பட்டறையில் வேலை பழகும்போது எனக்கு விளங்கியதை இங்கே சொல்கிறேன்.

ரேஸ் நடக்கும் இடம்

டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டில், நின்ற நிலையிலிருந்து கிளம்பி ஓடுவது. பழைய கணக்கு கால் மைல், அதாவது 402 மீட்டர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் 1950-களிலேயே ரேஸ் தொடங்கியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. தேசிய டிராக் ரேஸ் போட்டிகளும் அங்கே நடந்திருக்கின்றன. நம் பக்கமும் சளைத்ததில்லை. 2004 வரை நம் மாவட்டத்தில் இருந்த ஓசூரில்தான் டி.வி.எஸ். தொழிற்சாலை இருக்கிறது. அதன் ரேஸ் அணி 1982-லிருந்து ஓடுகிறது.

பெட்ரோலுக்கு மூன்று வேலை

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் அதிக பவர் கிடைப்பது 12.5 முதல் 13 வரையுள்ள இடத்தில்தான், அதாவது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிவதோடு நிற்பதில்லை. போகிற வழியில் பிஸ்டனைக் குளிர வைக்கிறது. பிரீமிக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஆயிலைச் சுமந்து போவதும் அதுவே. பெட்ரோல் குறைந்தால் மூன்றும் ஒன்றாகக் குறையும். பிஸ்டன் விரிந்து போரைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் 'சீஸ்' என்கிறோம்.

ஒரு வேடிக்கை. பயந்துபோய் ஆயிலை அதிகம் ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஜெட் வழியாகப் போகும் அளவு அதேதான். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது, கலவை மெலிகிறது. ஆயில் அளவை மாற்றினால் ஜெட்டையும் பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் எந்த ஜெட்?

ஆக்சிலேட்டரைக் கால் பங்கு திருகும்வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி. கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில். அதன் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கிப் போட்டால் நீடில் மேலேறும், பெட்ரோல் கூடும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். டிராக் ரேஸில் கிளம்பியதிலிருந்து முடிவுவரை ஏறக்குறைய முழு ஆக்சிலேட்டர் என்பதால் நம் தலையெழுத்து மெயின் ஜெட்டின் ஓட்டையில்தான் இருக்கிறது.

அந்த ஓட்டைக்குப் பெட்ரோல் வந்து சேர வேண்டுமே! ஒரு கணக்குப் போடுவோம். மாற்றிய வண்டி 20 குதிரைத்திறன் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் ரேஸ் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 375 கிராம் பெட்ரோல். ஆக 7.5 கிலோ, ஏறக்குறைய 10 லிட்டர். நிமிடத்துக்கு 170 மில்லி. ஓட்டம் 14 வினாடி என்றால் 40 மில்லி. கீழே ஃப்ளோட் கிண்ணத்தில் இருப்பதே சில பத்து மில்லிதான். டேப் சரியாக விடவில்லையென்றால் கடைசி கியரில், இன்ஜின் அதிகம் சூடான நேரத்தில், கிண்ணம் காலியாகும்.

பரிசோதனை எளிது. ஃப்ளோட் வால்வு வழியாகவே வர வேண்டும் என்பதால் கார்புரேட்டரை மாட்டியபடி கிண்ணத்தை மட்டும் கழற்றி, பக்கத்தில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொண்டு, லேபிலுள்ள அளவு ஜாடியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். தேவையைப் போல இரு மடங்காவது வரட்டும். டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்தால் எல்லாம் அடைத்த மாதிரி.

மேட்டு நிலத்துக் கணக்கு

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தர்மபுரி சுமார் 450. இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய கடல் மட்டம். ஓசூரில் காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு, நம் ஊரில் 5. கார்புரேட்டருக்கு இது தெரியாது. பெர்னூலி சூத்திரத்தில் அடர்த்தி வர்க்கமூலத்துக்குள் உட்கார்ந்திருப்பதால், காற்று 10 சதவீதம் கெட்டியானால் கலவை 5 சதவீதம் மெலியும்.

பட்டறைக்கு வந்த ஒரு அண்ணனின் வண்டி ஓசூரில் பிரமாதமாக ஓடியது. அதே ஜெட்டோடு சென்னைக்குக் கொண்டுபோனார். காலை ஓட்டத்தில் வழக்கத்தைவிட வேகம். சந்தோஷமாக இரண்டாவது ஓட்டம் விட்டார். பாதியிலேயே சீஸ். எங்கள் மேஸ்திரி பிஸ்டனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, காரணமில்லாம வண்டி திடீர்னு நல்லா ஓடுச்சுன்னா அப்பத்தான்யா பயப்படணும்" என்றார். மெலிந்துகொண்டே போகும் கலவை, கெடுவதற்கு முன்னால் கொஞ்சம் பவரைக் கொடுத்து ஏமாற்றும்.

100-ஆம் எண் ஜெட்டுக்குப் பக்கத்தில் ஒரு படி என்பது 2.5. ஆகவே தர்மபுரியிலிருந்து சென்னைக்கு இறங்கும்போது ஒரு படி பெரிசு, ஓசூரிலிருந்து என்றால் இரண்டு படி. சென்னை வெயில் இதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். பத்து டிகிரி சூட்டுக்கு ஒன்றரை சதவீதம். ஆனால் விடிகாலை ஓட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் உண்டு. அதனால் 14.7 என்ற கணக்கு சுமார் 13.5-க்கு இறங்குகிறது. பழைய பெட்ரோலுக்குப் போட்ட ஜெட் இன்றைக்கு 7 சதவீதம் மெலிவு. 'அப்பா காலத்துல இதே ஜெட்தான்' என்ற வாதம் செல்லாது.

பிளக்கைப் படிப்பது

பெரிய ஜெட்டில் தொடங்குங்கள். வண்டி பொரிந்து பொரிந்து ஓடும், பரவாயில்லை. ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் குறையுங்கள். புதுப் பிளக் போட்டு, முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இக்னிஷனை ஒரே நேரத்தில் அணைத்து, உருட்டி நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். டீ கலர் என்றால் சரி. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்து, பீங்கானில் அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். உருகி வந்திருப்பது உங்கள் பிஸ்டன். மாற்றியதையெல்லாம் ஊர், நேரம், வெப்பம், ஜெட் எண் என்று நோட்டில் எழுதுங்கள்.

இன்று டிராக் ரேஸில் ஓடும் 1340 சி.சி. ஹயபுசா போன்ற வண்டிகளில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார் அளக்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலைத் திருத்துகிறது. கார்புரேட்டர் வண்டியில் அந்த சென்சார் நாம்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தச் சோதனையை பைபாஸிலோ தொப்பூர் கணவாயிலோ செய்யாதீர்கள். பொதுச் சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி குற்றம். அதைவிடப் பெரிய விஷயம், சீஸ் ஆனால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வரும் சாலையில் அதற்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. டிராக்கிலேயே பயிற்சி நேரம் கேட்டு வாங்குங்கள். ஹெல்மெட் போடுங்கள். கிளட்ச் மேல் இரண்டு விரல் எப்போதும் இருக்கட்டும். ஒரு ஜெட்டை மாற்ற பத்து நிமிடம் போதும், நண்பர்களே!