இறங்குவது எளிது, ஏறுவதே அரிது

2025 மே 25 அன்று நம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. அதில் ஏறக்குறைய 367 டன் உலை எண்ணெய். மீனவர் பிழைப்பே அதில் அடங்கியிருந்தது. "எண்ணெயை எடுக்க ஏன் இத்தனை நாள்?" என்று மட்டாஞ்சேரியில் பலர் என்னிடம் கேட்டதுண்டு.

அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் 6 மடங்கு. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் போதை ஏற்றும், உடம்பிலும் கரையும். சட்டுனு மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உள்ளே குமிழிகள் கிளம்பும்; உயிரே போகலாம். நீண்ட வேலை என்றால் ஹீலியம் கலந்த காற்று, கப்பல்மேல் அழுத்த அறையிலேயே வாசம். வடகடல் போன்ற குளிர்நீரில் வெந்நீர் ஓடும் உடையும் வேண்டும். வேலை முடிந்தபின் அழுத்தம் குறைத்து வெளியே வரவே இரண்டு மூன்று நாள் ஆகும்.

அந்தத் தாமதம் சோம்பல் அல்ல, உயிர்க்காவல் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.