கிரீடம் இங்கே, ஸ்டியரிங் அங்கே!



ராஜபுத்திரர் என்றதும் நம்ம பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி உயிர்விட்ட செஞ்சி தேசிங்குராஜன்தான். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1818-ல் உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்ப்பூர் ராஜபுத்திர அரசுகள் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. சிம்மாசனம் ராஜாவுக்கு, வெளிவிவகாரம் கம்பெனிக்கு! இதே கதை நம் தமிழ் மண்ணிலும் நடந்தது. அதுதான் தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம்.

நம்ம சிதம்பரம் பகுதி 1801-ல் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் போனது. தஞ்சாவூர் ராஜாவுக்கு ஆண் வாரிசு இல்லையென்று 1855-ல் அந்த அரசையே முடித்துவிட்டார்கள். புதுக்கோட்டை மட்டும் எப்படித் தப்பியது? கம்பெனி நடத்திய சண்டைகளில் தொண்டைமான்கள் அதன் பக்கமே நின்றார்கள். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்ததும் அவர்கள்தான். கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தொண்டைமானுக்கோ கீழாநிலைக் கோட்டை கிடைத்தது. வருஷம் ஒரு யானை தரவேண்டும் என்ற நிபந்தனையைக்கூட கம்பெனி வற்புறுத்தவில்லை.

சரி, லாபம்தானே என்கிறீர்களா? ராஜா உட்கார்ந்தது டிரைவர் சீட்டில். ஸ்டியரிங் இருந்ததோ பொலிடிகல் ஏஜெண்ட் கையில்! அந்த ஏஜெண்ட் பெரும்பாலும் பக்கத்து ஜில்லா கலெக்டர்.

நல்லதும் நடந்தது, மறைக்கக்கூடாது. 1878-ல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி குளங்களைத் தூர்வாரி நகரத்தைச் சீராக்கினார். விளைச்சலில் அரசு பங்கு எடுக்கும் அமானி முறையையும் ஒழித்தார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வயல்காட்டுப் பிள்ளையான எனக்கு இதுதான் பெரிய சேதியாகப் படுகிறது.

அடுத்ததைக் கேளுங்கள். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். வெள்ளைக்காரப் பெண்ணை மகாராணியாக ஏற்க முடியாது என்றது பிரிட்டிஷ் அரசு. பிறந்த மகனுக்கும் பட்டம் இல்லை. மன்னர் நாட்டைவிட்டே போய், 1928-ல் பாரிஸில் இறந்தார். நம்ம திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் எத்தனை கல்யாணம் நடக்கிறது! லண்டனைக் கேட்டா தாலி கட்டுகிறார்கள்? அந்தச் சுதந்திரம்கூட ஒரு ராஜாவுக்கு இல்லையே!

1948 மார்ச்சில் ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். அவருடைய அரண்மனைதான் இன்று புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ். அன்று வாசலில் கைகட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மனுவோடு நேராக உள்ளே போகலாம்.

அடுத்தவன் தயவில் கிடைத்த கிரீடத்தைவிட நம் கையில் இருக்கும் ஓட்டுச்சீட்டு பெரிசு. சிந்திப்போம் நண்பர்களே!