ஜிமாட் புள்ளியும் நம் பிள்ளைகளும்

வெட்டுப்புள்ளி என்ற சொல்லோடு வளர்ந்த நம் பிள்ளைகள், திகனவிலும் குண்டசாலையிலும் உயர்தரம் கற்றுப் பட்டமும் பெற்றபின், வெளிநாட்டு முகாமைத்துவக் கல்லூரிகளின் பிரவேசத்துக்காக ஜிமாட் பரீட்சையை நாடுகையில், பழைய கணக்கையே புதிய இடத்திலும் போட்டுப் பார்ப்பது இயல்பே; ஆனால் அது இங்கே பொருந்துவதில்லை. அந்த வெட்டுப்புள்ளிக்கு அடிப்படையான இசட் புள்ளி, அவ்வாண்டில் உடன் தோற்றியோரின் சராசரியிலிருந்து ஒருவர் விலகி நிற்கும் தூரத்தை அளப்பது. ஜிமாட்டின் 205 முதல் 805 வரையிலான புள்ளியோ, எந்த மாதத்தில் எழுதினாலும் ஒரே ஆற்றலைக் குறிக்குமாறு அமைக்கப்பட்டு, ஐந்தாண்டு செல்லுபடியாவது. காலத்தால் நகர்வது சதமானம் மட்டுமே. கொடுக்கும் விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடினம் மாறுவதால், சரியான விடைகளை எண்ணிப் புள்ளியை ஊகிப்பது வீண்.

கணிதம், மொழி, தரவு ஆய்வு என்னும் மூன்று பகுதிகளும் தலா 45 நிமிடம் பெற்று, மொத்தப் புள்ளியில் சமபாரம் வகிக்கின்றன. அவ்வாறிருந்தும், கணிதம் கைவந்த மாணவர் தம் பிரயாசை முழுவதையும் அதிலேயே செலவிட்டு, மொழிக்கென ஓர் இலக்கண வகுப்பில் சேர்ந்து திருப்தியடைகின்றனர். கணிதமே நம் பலம், அதைப் பெருக்கினால் போதும் என்போரும் உளர். ஆனால் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தமும் கேத்திரகணிதமும் கட்டுரையும் நீக்கப்பட்டுவிட்டன. பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர் இல்லாத வினாக்களுக்கே ஆயத்தமாகிறார். மொழிப் பகுதியில் எஞ்சியிருப்பவை வாசிப்பும் தர்க்கமுமே.

என் மனத்தை வருத்துவதும் இந்தத் தர்க்கப் பகுதியே. நம் மாணவன் ஆங்கிலம் அறியாதவன் அல்லன். ஒருவர் கூறும் முடிவையும் அதற்கு அவர் காட்டும் ஆதாரத்தையும் பிரித்தறியும் பழக்கத்தை, கடந்தகால வினாத்தாள்களை உருப்போடவைக்கும் ரியூசன் மரபு அவனுக்கு எந்த மொழியிலும் ஊட்டவில்லை. அப்பழக்கம் சில வாரங்களில் வருவதன்று.

ஆதலின், புத்தகம் வாங்குமுன், பரீட்சை நடத்துவோரே இலவசமாகத் தரும் மாதிரிப் பரீட்சைகளுள் ஒன்றை எழுதி, மூன்று பகுதிகளுள் தாழ்ந்து நிற்பதற்கே அதிக நாட்களை ஒதுக்குவது உத்தமம். கண்டிக்குச் செல்லும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தால், ஓர் ஆங்கிலத் தலையங்கத்தை வாசித்து, அதன் முடிவையும் ஆதாரத்தையும் தமிழிலேயே இரண்டு வரியில் எழுதிப் பார்க்கலாம். பரீட்சையிலோ, விடையளிக்காது விடப்பட்ட வினாவுக்குத் தண்டனை உண்டு. பகுதியின் இறுதியில் மூன்று விடைகள் வரை மாற்றவும் இடமுண்டு. எனவே 21 கணித வினாக்களையும் நாற்பது நிமிடத்துக்குள் முடித்து, ஐயமுற்றவற்றுக்குத் திரும்பும் பயிற்சியை முதல் வாரத்திலிருந்தே தொடங்கவேண்டும்.