கருவிலுள்ள குழந்தையும் கஞ்சாவும்

விதைத்த நெல்லின் பலனைச் சில திங்களில் களத்துமேட்டில் கண்டுவிடுகிறோம். கருவிலுள்ள குழந்தைக்கு நேரும் தீங்கோ, அது பள்ளி சென்று பாடம் படிக்கும் வயதில்தான் சில வேளைகளில் வெளிப்படுகிறது. கருவுற்ற தாய் கஞ்சா புகைத்தால் குழந்தைக்கு என்ன நேரும் என்பதை அறிய விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது இதனாலேயே ஆகும்.

கஞ்சாவில் போதை தரும் பொருளுக்கு டி.எச்.சி. என்று பெயர். இது கொழுப்பில் கரைவது. ஆகவே உடலில் பல நாட்கள் தங்கும். தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும், தாய்ப்பாலிலும் கலக்கும். கருவின் மூளை வளர்வதற்கு உதவும் சில இரசாயனப் பொருள்களை உடல் தானே உண்டாக்குகிறது. அவை சென்று பற்றும் இடங்களையே டி.எச்.சி.யும் பற்றிக்கொள்கிறது.

கானடா நாட்டின் ஆட்டவா நகரில் பீட்டர் பிரைட் என்னும் அறிஞர் 1978இல் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, அவர்கள் ஈன்ற மக்களை இளம்பருவம் வரை ஆராய்ந்தார். பொது அறிவுத்திறனில் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், மிகுதியாகப் புகைத்த தாய்மாரின் குழந்தைகள் 4 வயதில் சொல்லாற்றலிலும் நினைவாற்றலிலும் பின்தங்கியிருந்தனர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1982இல் தொடங்கிய ஆராய்ச்சி ஏழைக் குடும்பங்களைப் பற்றியது. அங்கும் 10 வயதுக் குழந்தைகளிடம் கவனக்குறைவும் பதற்றமான செயலும் கூடுதலாகத் தென்பட்டன.

இவை யாவும் கஞ்சாவின் விளைவே என்று கூறிவிடலாமா? புகையிலை, மது, வறுமை ஆகியவையும் பெரும்பாலும் உடன் வருகின்றன. அவற்றைக் கணக்கிட்டுக் கழித்தாலும் முற்றிலும் பிரித்தறிவது கடினம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆராய்ச்சியில், கஞ்சா புகைத்த தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. தந்தையின் கஞ்சாப் பழக்கத்திற்கும் குழந்தையின் நடத்தைக் குறைகளுக்கும் தொடர்பு இருப்பதும் அங்கே தெரியவந்தது. ஆகவே, பொறுப்பு தாயை மட்டும் சார்ந்ததன்று; குடும்பம் முழுவதையும் சார்ந்ததாகும்.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 1995இல் ஏறத்தாழ 4 சதவிகிதமாக இருந்தது. 2014இல் ஏறத்தாழ 12 சதவிகிதமாயிற்று. முன்னைய ஆராய்ச்சிகளில் தாய்மார் புகைத்தது வலுக்குறைந்த கஞ்சாவே என்பதை மறத்தலாகாது.

எனவே, கருவுற்ற காலத்தில் கஞ்சாவை அறவே விலக்குவதே நன்று. மசக்கை வாந்திக்கு அது மருந்து என்று எவரேனும் சொன்னால் நம்பற்க, மருத்துவரை நாடுக. இப்பழக்கமுள்ள தாயை நாம் இகழ்ந்தால் அவள் அதை மறைப்பாள். மருத்துவமனைக்கும் வர அஞ்சுவாள். அன்புடன் கேட்டு, அச்சமின்றி உண்மை சொல்லச் செய்வோம். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அது தாய்க்கும் சேய்க்கும் நன்மையே.