வங்கிக் கட்டணமும் சிறுவணிகரும்



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. நாமாகவே செலவிடும் பொருளையும் அளக்கச் சொன்ன அவர்கள், நம் கணக்கிலிருந்து பிறர் எடுக்கும் பொருளை அளவாது விடச் சொல்லியிருப்பார்களா? ஆயினும் நம் சிறுவணிகர் பலர் அவ்வாறே விட்டுவிடுகின்றனர்.

எனது பாடசாலைக்கு அண்மையில் கொப்பியும் பேனையும் விற்கும் சிறு கடையொன்று உண்டு. அதனை நடத்துபவர் என் பழைய மாணாக்கர். ஒரு நாள் மாலை அவர் என்னிடம் வந்து, "ஐயா, விற்பனை குறையவில்லை, ஆனால் வங்கி மீதி குறைந்துகொண்டே போகின்றது. காரணம் விளங்கவில்லை" என்றார். வங்கி அனுப்பிய கணக்குக் கூற்றுகளைக் கொண்டுவரச் சொன்னேன். அவற்றுட் பல, உறை பிரிக்கப்படாமலே இருந்தன. காசேட்டையும் கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஆறு மாதத்துள் காசோலைப் புத்தகக் கட்டணம், குறைந்தபட்ச மீதி இல்லாமைக்கான கட்டணம், திரும்பிய காசோலைக் கட்டணம், மேலதிகப்பற்று வட்டி எனப் பல கழிக்கப்பட்டிருந்தன. கூட்டிப் பார்த்தபொழுது, கடையில் உதவிக்கு நிற்பவரின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வந்தது.

இவற்றைக் குறித்து வங்கியைக் கேட்க நமக்கு உரிமை உண்டா என்பதே அவருடைய முதல் ஐயம். உண்டு என்பதில் ஐயமில்லை. 1848ஆம் ஆண்டில் ஃபோலி எதிர் ஹில் என்னும் வழக்கிலே, இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஓர் அடிப்படையை நிலைநாட்டியது. வங்கியில் நாம் இடும் பணம், வங்கி நமக்குப் பட்ட கடன் என்பதே அது. 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தினால், வங்கித் தொழில் பற்றிய விடயங்களில் ஆங்கிலச் சட்டமே இலங்கையிலும் ஏற்கப்பட்டது. ஆகவே, நம் கணக்கிலே வங்கி ஒரு தொகையைக் கழிக்கும்பொழுது, தான் நமக்குத் தரவேண்டிய கடனைக் குறைத்துக்கொள்கின்றது. கடன்பட்டவர் கடனைக் குறைத்தால், எந்த உடன்பாட்டின்படி என்று கேட்பது கடன் கொடுத்தவரின் உரிமையன்றோ?

எனினும், கேள்வியைச் சரியாகக் கேட்டல் வேண்டும். "இக்கட்டணம் அநியாயம்" என்று முறையிடுவதனால் மட்டும் பயன் விளைவது அரிது. இங்கிலாந்திலே, உடன்பாடற்ற மேலதிகப்பற்றுக் கட்டணங்கள் நேர்மையானவையா என்ற பெருவழக்கு 2009ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றின் முன் வந்தது. அக்கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையின் ஒரு பகுதியே. சேவைக்குத் தக்க விலைதானா என்று நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி ஆராய இயலாது என்று மன்று தீர்த்தது. விலை மிகுதி என்ற வாதம் இவ்வாறு வலுவிழக்கும். உடன்பாடு இல்லை, நிகழ்ச்சி நடக்கவில்லை, கணக்குப் பிழை என்னும் வாதங்களோ வலிமையுடையவை.

ஆதலால் ஒவ்வொரு கழிவையும் மூன்று கேள்விகளால் சோதித்தல் வேண்டும். முதலாவது: கணக்கைத் திறந்தபொழுது ஒப்பமிட்ட பத்திரத்திலோ, பின்னர் அறிவிக்கப்பட்ட கட்டணப் பட்டியலிலோ இது காணப்படுகின்றதா? இரண்டாவது: கட்டணத்துக்குக் காரணமான நிகழ்ச்சி உண்மையில் நடந்ததா? மூன்றாவது: தொகையும் திகதியும் சரியானவையா? ஒரே நிகழ்ச்சிக்கு இருமுறை கழிக்கப்பட்டதா?

இம்மூன்றையும் கொண்டு என் மாணாக்கரின் கணக்கைச் சோதித்தோம். திரும்பிய காசோலைக் கட்டணம் இரண்டு இருந்தன. முதலாவது அவர் தவறு. பிறர் கொடுத்த காசோலையை வைப்பிட்ட அன்றே அப்பணம் கைக்கு வந்துவிட்டதாக எண்ணி, தாம் ஒரு காசோலை எழுதிவிட்டார். வைப்பிட்ட காசோலை தீர்வாகி வரும் வரையில் அத்தொகை நமது கையிருப்பு ஆகாது. இரண்டாவதோ, அதே காசோலைக்கு மறுநாளும் பதியப்பட்ட கட்டணம். குறைந்தபட்ச மீதிக் கட்டணமும் ஒரு மாதத்தில் பிழையாயிருந்தது. அம்மாதத்தில் மீதி ஒருநாளேனும் வரம்பின் கீழ் இறங்கவில்லை.

பின்னர் வங்கி முகாமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். கணக்கிலக்கம், கழிக்கப்பட்ட திகதி, தொகை, மறுப்பதற்குரிய காரணம், வேண்டும் பரிகாரம் ஆகிய ஐந்தையும் குறித்தோம். கூற்றின் பிரதியை இணைத்தோம். கடிதம் கிடைத்தமைக்கு ஒப்பம் பெற்றோம். கடுஞ்சொல் ஒன்றும் எழுதவில்லை. எதிரே இருந்து வாசிப்பவரும் நம்மைப் போன்ற ஓர் உத்தியோகத்தரே. சினங்கொண்டு மேலதிகப்பற்றைச் செலுத்தாது விடுதலும் ஆகாது. பிணக்குத் தீரும் வரையிலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

வங்கி தக்க விடை தராவிடின் அடுத்த படிகள் உள. இலங்கை மத்திய வங்கி 2020ஆம் ஆண்டில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை அமைத்தது. 2023ஆம் ஆண்டில் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வெளிவந்தன. இவையன்றி, 2003ஆம் ஆண்டு முதல் நிதியியல் குறைகேள் அதிகாரியின் அலுவலகமும் இயங்கி வருகின்றது. எங்குச் சென்றாலும், முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டீரா என்றே கேட்பர். நாம் ஒப்பம் பெற்று வைத்த பிரதி அப்பொழுது பயன்படும்.

என் மாணாக்கருக்கு அப்படிகளை ஏறவேண்டிய தேவை நேரவில்லை. மூன்று வாரத்தில், பிழையாகக் கழித்த இரு தொகைகளையும் வங்கி மீளக் கணக்கிலிட்டது. தம் தவறால் நேர்ந்த கட்டணத்தை அவரும் மறுக்கவில்லை. "ஐயா, திரும்ப வந்த பணம் சிறிதே, ஆனால் இனி உறையைப் பிரிக்க எனக்கு அச்சமில்லை" என்றார்.

நேயர்களே, மாதம் ஐந்நூறு ரூபா வீதம் அறியாமற் போனால் ஆண்டில் ஆறாயிரம் ரூபா ஆகும். பெரிய நிறுவனத்துக்கு அது தூசு. சிறு கடைக்கு ஒரு மூடை அரிசியின் முதல். மாத இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிடுங்கள். விளங்காத வரியைக் கோடிட்டு வையுங்கள். மறுநாளே வங்கிக்குச் சென்று, பணிவோடும் தயக்கமின்றியும் அதன் காரணத்தைக் கேளுங்கள்.