அட்டன்பரோ: ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப்பெயரின் தோற்றமும் பொருளும் பரவலும்

ஆய்வுச்சுருக்கம்

குடும்பப்பெயரைச் சான்றாகக் கொண்டு ஒருவருடைய பூர்விகத்தையும் இனத்தையும் நிறுவ இயலுமா என்பது பெயராய்வில் தொடர்ந்து எழும் வினாவாகும். ஆங்கிலக் குடும்பப்பெயர்களுள் அரிதாக வழங்கும் ‘அட்டன்பரோ’ என்பதை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சொற்பிறப்பு, ஆவணம், மரபணு ஆகிய மூவகைச் சான்றுகளும் எவ்வெவ்வினாக்களுக்கு விடை தருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அரிய குடும்பப்பெயர் பொது மூதாதையைச் சுட்டும் வலிமையுடையது. இனத்தைச் சுட்டும் வலிமை அதற்கில்லை என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குடும்பப்பெயர், ஊர்ப்பெயராய்வு, சொற்பிறப்பு, மக்கள்தொகைப் பரவல், ஒய் குரோமோசோம்.

முன்னுரை

‘காந்தி’ (1982) திரைப்படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோவாலும், இயற்கை வரலாற்று ஆவணப்படங்களால் அறியப்பட்ட அவர்தம் இளவல் டேவிட் அட்டன்பரோவாலும் இக்குடும்பப்பெயர் உலகெங்கும் அறிமுகமானது. எனினும், இங்கிலாந்தில் இப்பெயரைத் தாங்குவோர் மிகச் சிலரே. ஒரு பெயர் புகழ் பெற்றிருப்பதும் பெருவழக்காக இருப்பதும் வேறு வேறானவை. இப்பெயர் எங்குத் தோன்றியது, என்ன பொருளுடையது, ஏன் அரிதாயிற்று, இதனைத் தாங்குவோர் அனைவரும் ஒரே வழியினரா என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

ஆங்கிலக் குடும்பப்பெயர்களின் தோற்றம்

1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்புக்கு முன்னர் இங்கிலாந்தில் மரபுவழி வரும் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. படையெடுப்பிற்குப் பின் நிலவுடைமையாளர்களிடையே தொடங்கிய இவ்வழக்கம் படிப்படியாகப் பிறரிடமும் பரவியது. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயக் குடும்பங்களுள் பெரும்பாலானவை இத்தகைய பெயரைப் பெற்றுவிட்டன. வடபகுதிகளில் இது மேலும் காலந்தாழ்ந்தே நிலைபெற்றது.

இப்பெயர்கள் பொதுவாக நால்வகைப்படும். அவை இடத்தால் வந்தவை, தொழிலால் வந்தவை, தந்தை முதலியோர் பெயரால் வந்தவை, பண்பு அல்லது தோற்றத்தால் வந்த பட்டப்பெயர்கள் என்பனவாம். கொல்லரைக் குறிக்கும் ‘ஸ்மித்’ தொழிலால் வந்தது. ‘ஜானின் மகன்’ எனப் பொருள்படும் ‘ஜான்சன்’ தந்தை பெயரால் வந்தது. அட்டன்பரோ இடத்தால் வந்த பெயராகும்.

ஊர்ப்பெயர் குடும்பப்பெயராகும் முறை கருதத்தக்கது. ஓர் ஊரில் வாழும் அனைவருக்கும் அவ்வூர் பொதுவாதலின், அங்கு ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்தறிய ஊர்ப்பெயர் உதவாது. ஊரை விட்டு நீங்கி வேற்றூரில் குடியேறியவருக்கே அது அடையாளமாகும். எனவே, இத்தகைய குடும்பப்பெயர் மூல ஊரைவிட அதனைச் சூழ்ந்த ஊர்களிலேயே மிகுதியாகக் காணப்படுதல் இயல்பு.

சொற்பொருள்: இரு விளக்கங்கள்

இப்பெயருக்கு இரு விளக்கங்கள் தரப்படுவதுண்டு. முதலாவது, நாட்டிங்காம்ஷையரில் டிரெண்ட் ஆற்றங்கரையில் அமைந்த அட்டன்பரோ என்னும் ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பது. 12ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் இவ்வூர்ப்பெயர் ‘அடின்புர்க்கா’ என ஒலிப்புடைய டகரத்தோடு காணப்படுகிறது. ‘அடா’ என்றோ அதனையொத்த பெயரோ உடைய ஒருவருடன் தொடர்புடைய அரண் என்பது இதன் பொருள். ஈற்றிலுள்ள ‘பரோ’ என்பது பழைய ஆங்கிலத்தின் ‘புர்ஹ்’ என்னும் சொல்லின் திரிபாகும்.

இரண்டாவது விளக்கம், ‘அட்டன்’ என்பதை இடைக்கால ஆங்கிலத்தில் இடப்பொருளை உணர்த்திய சொற்றொடராகக் கொண்டு, ‘அரணருகே வாழ்பவர்’ எனப் பொருள் கூறுவது. இதற்கு ஒப்புமைகள் உள்ளன. ‘அட்டன் ஆஷ்’ (ஆஷ் மரத்தின் அருகே) என்பதிலிருந்து ‘நாஷ்’ என்னும் குடும்பப்பெயரும், ‘அட்டன் ஓக்’ (ஓக் மரத்தின் அருகே) என்பதிலிருந்து ‘நோக்ஸ்’ என்பதும் பிறந்தன.

ஆயினும், இவ்விளக்கத்திற்கு இலக்கணத் தடை உண்டு. ‘புர்ஹ்’ பழைய ஆங்கிலத்தில் பெண்பாற் சொல். பெண்பாற் சொல்லின் முன் ‘அட்டன்’ அன்று, ‘அட்டர்’ என்பதே நெறிப்படியான வடிவம். மேலும், இடப்பொருள் தரும் அவ்விடைச்சொல்லை அடுத்து வரும்போது ‘புர்ஹ்’ வேற்றுமை வடிவம் பெற்றுப் ‘பிரிக்’ என்றாகும்; அதுவே பின்னர் ‘பரி’ எனத் திரிந்தது. இவ்விரு விதிகளும் பொருந்த அமைந்ததே ‘அட்டர்பரி’ என்னும் மற்றோர் ஆங்கிலக் குடும்பப்பெயர். இடைக்கால ஆங்கிலத்தில் சொற்பால் வேறுபாடு மறைந்து வந்தமையால் இத்தடை ஒன்றே முடிபாகாது. எனினும், குடும்பப்பெயரின் பரவலும் அவ்வூரைச் சூழ்ந்தே அமைவதால், ஊர்ப்பெயர் விளக்கமே வலுவுடையதாகிறது.

‘புர்ஹ்’ என்பதன் பொருளைப் பழைய ஆங்கிலச் சட்டங்கள் தெளிவாக்குகின்றன. அரசனின் புர்ஹை உடைத்து நுழைபவருக்கு 120 ஷில்லிங் தண்டம் என ஆல்ஃபிரட் அரசரின் சட்டம் விதிக்கிறது. உரியவரின் தகுதி குறையுந்தோறும் தண்டமும் குறைகிறது. ஆகவே, இச்சொல் நகரத்தை மட்டுமன்றி, வேலியும் அரணும் சூழ்ந்த தனி இருப்பிடத்தையும் குறித்தது என அறியலாம். இச்சட்டங்களை உள்ளடக்கிய தொகுதியை 1922ஆம் ஆண்டு பதிப்பித்தவர் ஃபிரெடரிக் அட்டன்பரோ. மேற்குறித்த ரிச்சர்டு, டேவிட் ஆகியோரின் தந்தையான இவர், அட்டன்பரோ ஊருக்கு அண்மையிலுள்ள ஸ்டேப்பிள்ஃபோர்டில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர்.

ஆவணங்களும் பரவலும்

ஆங்கிலக் குடும்பப்பெயர்களைப் பின்தொடர உதவும் ஆவணங்களுள் 1538இல் தொடங்கிய திருச்சபைப் பதிவேடுகள், 1837இல் தொடங்கிய குடிமைப் பதிவுகள், 1841 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் ஆகியன முதன்மையானவை. முழுமையாகப் படியெடுக்கப்பட்டு எண்மமாக்கப்பட்ட 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, பெயர்ப் பரவலை வரைபடமாக்க அடிப்படையாக விளங்குகிறது. அட்டன்பரோ என்னும் பெயர் நாட்டிங்காம்ஷையர், டர்பிஷையர் ஆகிய அண்டை மாவட்டங்களையே மையமாகக் கொண்டிருக்கிறது. குடும்பப்பெயர் தோன்றிச் சில நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் அதன் மையம் மூல ஊரிலிருந்து அகலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அட்டன்பரோ, அட்டன்பர்ரோ, அட்டன்ப்ரோ முதலிய எழுத்து வேறுபாடுகளும் உள்ளன. எழுத்தறியாதோர் தம் பெயரைச் சொல்ல, பதிவாளர் கேட்டவாறு எழுதிய காலத்தின் எச்சங்கள் இவை. எனவே, எழுத்து வேறுபாட்டைக் குடும்ப வேறுபாடாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அருமைக்குக் காரணம்

தந்தை வழியில் மட்டும் தொடரும் பெயர், ஆண்மக்கள் இல்லாதபோது அக்கிளையில் மறைகிறது. இதனைக் கணிதச் சிக்கலாக 1873இல் முன்வைத்தவர் பிரான்சிஸ் கால்டன். ஹென்றி வாட்சன் அதற்கு விடை காண முயன்றார். எல்லாக் குடும்பப்பெயர்களும் இறுதியில் அழியும் என்ற வாட்சனின் முடிபு பிழையானது எனப் பின்னர் நிறுவப்பட்டது. ஒருவருக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்மக்கள் பிறக்கும் நிலையில், பெயர் நிலைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

பலரிடம் தனித்தனியே தோன்றிய பெயர், சில கிளைகள் அற்றாலும் நீடிக்கும். ஒருவரிடமோ சிலரிடமோ தோன்றிய பெயர் முற்றும் அழியலாம், அல்லது ஒரே கிளை பெருகி நிலைக்கலாம். ஊர்தோறும் கொல்லர் இருந்தமையால் ஸ்மித் பெருகியது. ஒரேயோர் ஊரைச் சார்ந்த அட்டன்பரோ அருகியே வழங்குகிறது.

மரபணுச் சான்று

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. தந்தை வழிப் பெயரும் அவ்வாறே செல்வதால் இரண்டையும் ஒப்பிட இயலும். 2000ஆம் ஆண்டு பிரையன் சைக்ஸ், கேத்தரின் இர்வன் ஆகியோர் ‘சைக்ஸ்’ என்னும் பெயருடைய 48 ஆண்களை ஆராய்ந்து, ஏறத்தாழ பாதிப்பேர் ஒரே மரபுவகையைச் சார்ந்திருப்பதைக் கண்டனர். சிற்றோடையைக் குறிக்கும் அப்பெயர் பல இடங்களில் தோன்றியிருக்கும் என்ற கருத்தை இம்முடிவு மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 40 பிரித்தானியக் குடும்பப்பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களை உள்ளடக்கியது. பெயர் அரிதாகுந்தோறும் அதனைத் தாங்குவோரிடையே பொது மூதாதைமை மிகுகிறது என்பது அவ்வாய்வின் முதன்மை முடிவு. ஸ்மித் என்னும் பெயருடையோர் பொது மக்கள்தொகையிலிருந்து வேறுபடவில்லை. அட்டன்பரோ என்னும் பெயருடையோருள் பெரும்பான்மையோர், எழுத்து வேறுபாடுகளைக் கடந்து, ஒரே மரபுவழியைச் சார்ந்திருந்தனர். தந்தைவழித் தொடர்ச்சி பெயரிலிருந்து பிறழும் வீதம் தலைமுறைக்கு 1 முதல் 4.5 விழுக்காடு வரை என மதிப்பிடப்பட்டது. அயர்லாந்தில் பெருவழக்கான பெயர்களிலும் பொது மூதாதைமை மிகுந்திருப்பதால், இவ்விதி எல்லா நாட்டிற்கும் பொதுவன்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

பெயரும் இனமும்

பொது மூதாதை ஒருவர் என்பதனால் அவர் இன்ன இனத்தவர் என்பது பெறப்படாது. கிங் முதலானோர் 2007இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்குச் சான்றாகும். கிழக்கு யார்க்‌ஷையரின் ஓர் அரிய குடும்பப்பெயரைத் தாங்கிய 18 ஆண்களுள் எழுவரிடம், ஆப்பிரிக்காவுக்கே உரியதாகக் கருதப்பட்டிருந்த ‘ஏ1’ மரபுக்குழு காணப்பட்டது. அவர்களுடைய குடிவழிகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யார்க்‌ஷையரில் வாழ்ந்த மூதாதையரிடம் சென்றடைகின்றன. பெயர் ஆங்கிலம், ஊர் யார்க்‌ஷையர். தந்தை வழியோ ஆப்பிரிக்கம். அவ்வெழுவருக்கும் பெயர் பொய்க்கவில்லை. அவர்தம் குடும்பத்தை அது சரியாகவே சுட்டியது. குடும்பத்தைச் சுட்டுவதை இனத்தைச் சுட்டுவதாகக் கொள்வதிலேயே பிழை நேர்கிறது. தந்தைவழி என்பது ஒருவருடைய எண்ணற்ற மூதாதை வழிகளுள் ஒன்று மட்டுமே என்பதும் மறக்கத்தக்கதன்று.

முடிவுரை

1. அட்டன்பரோ என்னும் குடும்பப்பெயர் நாட்டிங்காம்ஷையரின் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்ற விளக்கத்திற்கு, பழைய பெயர்வடிவமும் மக்கட்பரவலும் துணைநிற்கின்றன.

2. இன்றைய எழுத்து வடிவைக் கொண்டு பொருள் காணும் முறை வழுவுக்கு இடந்தரும். தொன்மையான வடிவமும் அக்காலத்து இலக்கணமும் முதற்கண் நோக்கப்பட வேண்டும்.

3. ஒரு பெயரின் அருமை அதன் தோற்றுவாய் ஒன்றோ சிலவோ என்பதைக் குறிப்பாக உணர்த்தும். மரபணு ஆய்வு அதனைச் சோதிக்கும் கருவியாகும்.

4. சொல் பொருளையும், ஆவணம் இடத்தையும் காலத்தையும், மரபணு ஒரு தந்தை வழியையும் உணர்த்துகின்றன. இவற்றுள் எதுவும் தனித்து நின்று ஒருவரின் இனத்தை நிறுவாது. பெயரைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், எவ்வினாவுக்கு அது சான்று என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளல் இன்றியமையாதது.